உருக்குக் கட்டடம் வாங்குமுன்

‘வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் செய்து பார்’ என்பது நம்மவர் பழமொழி. இரண்டும் கைப்பொருளைக் கரைப்பன என்பதே அதற்குப் பலரும் கூறும் பொருள். ஆயினும், யாரை நம்பிக் கருமத்தை ஒப்படைப்பது என்ற பெரிய கேள்வியும் இவ்விரண்டிற்கும் பொதுவாக உண்டு.

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 16 கிலோமீற்றர் தொலைவில் அமைந்துள்ள ஊர் வந்தாறுமூலை. 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986 இல் முழுநிலை பெற்ற கிழக்குப் பல்கலைக்கழகத்தால் இன்று நாடறிந்த பெயராயினும், அடிப்படையில் இது வேளாண்மை செய்வோர் ஊரே. முற்காலத்தில் இங்கு வீடோ நெற்பட்டறையோ அமைக்க விரும்பிய ஒருவர் முதலில் ஓடாவியாரை அழைப்பார். இருவருமாகச் சென்று முதிரையையும் பாலையையும் தட்டிப் பார்த்து, வைரம் பாய்ந்த மரத்தைத் தெரிவார்கள். கிடுகு சொந்த வளவிலேயே பின்னப்படும். மரத்தின் குற்றம் கண்ணுக்குத் தெரியும். வளை வளைந்தாலும் தூண் சாய்ந்தாலும் அடுத்த நாட் காலையில் ஓடாவியார் அதே தெருவால் நடந்து வந்தாக வேண்டும். ஊரார் கேட்பர், அவர் பதில் சொல்வார். அதனைவிடப் பெரிய உத்தரவாதம் அக்காலத்தில் எவருக்கும் வேண்டியிருக்கவில்லை.

இன்று நெற் களஞ்சியம், அரிசி ஆலை, உழவு இயந்திரக் கொட்டகை, பாடசாலை மண்டபம் ஆகியவற்றுக்கெல்லாம் தொழிற்சாலையில் ஆக்கப்பட்ட உருக்குச் சட்டங்கள் லொறியில் வந்து இறங்குகின்றன. சில கிழமைகளிற் கட்டடம் எழுந்து நிற்கிறது. அதனை வடிவமைத்தவர் ஓரிடத்தில், உருக்கை வார்த்தவர் வேறு நாட்டில், பொருத்தியவர் வேறோர் ஊரவர். குற்றம் இருப்பின் அது கண்ணுக்கும் தெரியாது. இந்நிலையில் வாங்குவோர் தமக்கு ஏற்ற கம்பனியை எவ்வாறு தெரிந்தெடுப்பது என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

முதலில் இக்கட்டடங்களின் இயல்பைச் சிறிது நோக்குவோம். பகுதிகளை ஓரிடத்திற் செய்து மற்றோரிடத்திற் பூட்டும் முறை புதியதன்று. 1829 இல் ஹென்றி பாமர் என்ற ஆங்கிலப் பொறியியலாளர் நெளிதகடு செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். தட்டையான மெல்லிய தகடு கையால் அழுத்தினாலே வளையும். அதனையே நெளித்துவிட்டால் ஆளைத் தாங்கும். 1851 இல் லண்டன் ஹைட் பூங்காவில் ஜோசப் பாக்ஸ்டனின் திட்டப்படி இரும்பாலும் கண்ணாடியாலும் எழுந்த பளிங்கு மாளிகை, கண்காட்சி முடிந்ததும் பிரித்தெடுக்கப்பட்டுச் சிடன்ஹாமில் மீண்டும் பூட்டப்பட்டது. முதலாம் உலகப் போரின்போது, 1916 இல், பீற்றர் நிசன் என்ற படையதிகாரி அமைத்த அரைவட்டத் தகரக் கொட்டகைகள் உலகெங்கும் பரவின.

இன்றைய உருக்குக் கட்டடத்தின் சிறப்பு அதன் சட்டத்திலேயே உள்ளது. மரக்கொம்பு அடிமரத்தோடு பொருந்தும் இடத்திற் பருத்தும், நுனியிற் சிறுத்தும் இருப்பதைக் காண்கிறோம். பாரம் எங்கு மிகுதியோ அங்கு மரம் தடிக்கிறது. இக்கட்டடத்தின் தூணும் கூரைச் சட்டமும் அவ்வாறே ஒன்றோடொன்று இணையும் முழங்காலிற் பருத்தும், பிற இடங்களிற் சிறுத்தும் செய்யப்படுகின்றன. ஆதலின் உருக்குக் குறைகிறது, விலையும் குறைகிறது. இதுவே இம்முறையின் நன்மை. இதனுள்ளேதான் ஆபத்தும் இருக்கிறது. தேவைக்கு மேற்பட்ட உருக்கு இதில் இல்லை. கணித்த பாரம் வந்தாற் கட்டடம் நிற்கும்; கணியாத பாரம் வந்தால் அதனைத் தாங்க மேலதிகமாக எதுவும் இராது. எனவே, இக்கட்டடத்தை வாங்குபவர் உண்மையில் வாங்குவது அதன் கணக்கையே.

கிழக்கிலங்கையில் அக்கணக்கின் முதல் உறுப்புக் காற்று. 1978 நவம்பர் 23 ஆம் நாள் இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை முதியோர் எவரும் மறக்கவில்லை. 900 பேருக்கு மேல் உயிரிழந்தனர். மாவட்டத்துத் தென்னந்தோட்டங்களிற் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது. இங்கு ஆராயப்படும் பொருளோடு நேரே தொடர்புடைய செய்தி ஒன்றும் உண்டு: மாவட்டத்தில் இருந்த 11 நெற் களஞ்சியங்களில் 9 அழிந்தன. வீடிழந்த மக்களுக்கு உணவு மிக வேண்டிய வேளையில், உணவைக் காக்க வேண்டிய கட்டடங்களே முதலிற் போயின.

அதன் பயனாக 1980 இல், பலத்த காற்றைத் தாங்கும் கட்டடங்களை வடிவமைப்பதற்கான கைநூல் ஒன்றை அரசாங்கம் வெளியிட்டது. அது நாட்டை மூன்று காற்று வலயங்களாகப் பிரித்தது. மட்டக்களப்பு முதலாம் வலயத்தில் உள்ளது. கொழும்பு மூன்றாம் வலயத்தில் உள்ளது. சாதாரணக் கட்டடத்துக்கு முதலாம் வலயத்தில் விநாடிக்கு 49 மீற்றர் வேகமுள்ள காற்றையும், மூன்றாம் வலயத்தில் 33 மீற்றர் வேகமுள்ள காற்றையும் கொள்ள வேண்டும் என்பது அதன் விதி. மணிக் கணக்கிற் கூறின், முன்னது ஏறத்தாழ 176 கிலோமீற்றர்; பின்னது ஏறத்தாழ 119 கிலோமீற்றர். பேரிடரின் பின்னரும் பயன்பட வேண்டிய கட்டடங்களுக்கு முதலாம் வலயத்தில் 54 மீற்றர் கொள்ளப்படும். அடைக்கலம் தரக்கூடிய பாடசாலை மண்டபத்துக்கும் உணவுக் களஞ்சியத்துக்கும் இக்கணக்கைக் கேட்பதே அறிவுடைமை.

49 க்கும் 33 க்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒன்றரை மடங்குதானே என்று எண்ணலாகாது. காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகும். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். விநாடிக்கு 33 மீற்றர் காற்று ஒரு சதுர மீற்றரில் ஏறத்தாழ 68 கிலோ நிறைக்குச் சமமான அழுத்தத்தைத் தரும். 49 மீற்றர் காற்றுத் தருவது ஏறத்தாழ 150 கிலோ. இரு மடங்குக்கும் மேல்! கொழும்புப் புறநகரில் ஐந்தாண்டு நன்றாக நின்ற ஒரு கட்டடத்தின் வரைபடத்தை அப்படியே எடுத்து வந்து வந்தாறுமூலையில் நாட்டினால் நேரக்கூடியது யாதென இக்கணக்கே கூறும். கட்டடம் பார்வைக்கு ஒன்றே, விலையோ குறைவு. குறைந்த விலைக்குக் காரணம் சிக்கனமாக இருக்கலாம். வேறொரு வலயத்தின் காற்றாகவும் இருக்கலாம். எனவே விலை கூறும் ஒவ்வொரு கம்பனியிடமும் முதலாவதாகக் கேட்கவேண்டியது, ‘எந்த வலயத்துக்கு, எந்த வேகத்துக்குக் கணித்தீர்கள்?’ என்பதே. பதில் எழுத்தில், பொறியியலாளரின் கையொப்பத்தோடு வர வேண்டும். ‘எந்தக் காற்றுக்கும் அசையாது’ என்பது பதிலாகாது.

காற்றுக் கட்டடத்தைத் தள்ளும் என்பதே பலரின் எண்ணம். தாழ்ந்த தகரக் கூரையை அது பெரிதும் மேலே இழுக்கிறது. ஓர் உதாரணம் கொள்வோம். ஊர்க் கூட்டுறவுச் சங்கமொன்று 20 மீற்றர் நீளமும் 10 மீற்றர் அகலமும் உள்ள நெற் களஞ்சியத்தை அமைக்க விரும்புகிறது எனக் கொள்க. கூரைப் பரப்பு 200 சதுர மீற்றர். சதுர மீற்றருக்கு 150 கிலோவில் ஐந்தில் நான்கு பங்கு மேல்நோக்கி இழுப்பதாகக் கொண்டால், மொத்த இழுவை 24,000 கிலோ. கட்டடத்தின் கூரையும் சட்டமும் சேர்ந்து ஏறத்தாழ 5,000 கிலோ நிறை. மிகுதி 19,000 கிலோ இழுவையைத் தடுத்து, கட்டடத்தை நிலத்தோடு பிடித்து வைக்க வேண்டியது அத்திவாரமே. முன்பக்கத்துச் சுருள் கதவு காற்றில் உடைந்தால், உட்புகும் காற்றுக் கூரையைக் கீழிருந்தும் தள்ளும். இழுவை இன்னும் கூடும். ஆதலின் கதவும் அதே காற்றுக்குக் கணிக்கப்பட்டதா என்பதையும் கேட்க வேண்டும். கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் இழுவை மிக அதிகம். அங்குத் திருகாணிகள் நெருக்கமாக இடப்பட வேண்டும் என்பதை வரைபடத்திற் காணலாம்.

அத்திவாரத்தைப் பற்றி இவ்வூருக்கே உரிய மற்றொரு செய்தியும் உண்டு. மட்டக்களப்பில் மழையும் சூறாவளியும் பெரும்பாலும் ஒரே காலத்தவை. கார்த்திகை மார்கழியில் இத்தாழ்நிலங்களில் நிலத்தடி நீர் மண்ணின் மேற்பரப்புவரை ஏறிவிடும். நீரில் அமிழ்ந்த பொருள் நிறை குறையும் என்பது பள்ளி மாணவரும் அறிந்த உண்மை. ஒரு கன மீற்றர் கொங்கிறீற்று உலர்நிலத்தில் ஏறத்தாழ 2,400 கிலோ. நீருக்குள் அதன் பயன் 1,400 கிலோ மட்டுமே. மேற்கூறிய 19,000 கிலோவைக் கொங்கிறீற்றின் நிறையாலேயே ஈடுசெய்வதாயின், உலர்நிலக் கணக்கில் சுமார் 8 கன மீற்றர் போதும். நீர்நிலக் கணக்கிலோ சுமார் 13½ கன மீற்றர் வேண்டும். மேலேயுள்ள மண்ணின் நிறையும் பாதுகாப்பு எல்லையும் சேர்த்து முடிவு கூறுவது பொறியியலாளர் கடமை. ஆனால் மாரியில் நிலத்தடி நீர் எவ்வளவு ஏறும் என்பதைக் கம்பனிக்கு எடுத்துரைப்பது வாங்குவோர் கடமை. ஆடி மாதத்தில் வந்து நிலத்தைப் பார்த்துப் போனவர் அதனை அறியார்.

பல கம்பனிகளின் விலையில் அத்திவாரம் சேர்க்கப்படுவதில்லை. ‘அது உங்கள் மேசனார் வேலை’ என்று விட்டுவிடுவர். அவ்வாறாயின், ஒவ்வொரு தூணின் அடியிலும் எவ்வளவு இழுவை வரும் என்ற கணக்கை எழுதித் தரும்படி அவர்களைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். அத்திவாரம் ஒருவர் பொறுப்பு, சட்டம் மற்றொருவர் பொறுப்பு என்று பிரிந்தால், கட்டடம் பெயர்கின்ற நாளில் இருவரும் மற்றவரையே சுட்டிக்காட்டுவர்.

காற்றுக்கு அடுத்த பகை உப்பு. காற்று ஓரிரவில் அழிக்கும்; உப்போ ஆண்டுக் கணக்கில் அரிக்கும். களுவன்கேணிக் கடலிலிருந்து வரும் காற்று உப்பைச் சுமந்து வருகிறது. வெறும் உருக்கு அதனைத் தாங்காது. ஆதலின் தகடுகளுக்குத் துத்தநாகப் பூச்சு அல்லது அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சு இடப்படுகிறது. இப்பின்னைய பூச்சில் நூற்றுக்கு 55 பங்கு அலுமினியம். எஞ்சியதில் மிகப் பெரும்பங்கு துத்தநாகம். பூச்சின் அளவு ஒரு சதுர மீற்றருக்கு இத்தனை கிராம் என்று குறிக்கப்படும். 150 கிராம் பூசிய தகடும் 70 கிராம் பூசிய தகடும் கடையில் ஒன்றுபோலவே பளபளக்கும். வேறுபாடு சில மாரிகள் கழிந்த பின்னரே தெரியும். எனவே விலைமனுவில் கிராம் அளவைக் குறிக்கும்படி கேட்க வேண்டும். தகட்டுக்குத் தரும் பல்லாண்டு உத்தரவாதப் பத்திரத்தையும் முழுவதும் படித்தல் நன்று. கடலிலிருந்து குறித்த தூரத்துக்குள் அது செல்லாது என்று ஓரிடத்திற் சிறிய எழுத்தில் எழுதியிருத்தல் வழக்கம்.

தகட்டின் தடிப்பிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 0.47 மில்லிமீற்றர் என்று ஒருவர் கூறுவது பூச்சும் வர்ணமும் சேர்ந்த தடிப்பாக இருக்கலாம். உள்ளிருக்கும் உருக்கு 0.40 அளவிலேயே இருக்கக்கூடும். மற்றொருவர் உருக்கின் தடிப்பை மட்டுமே கூறியிருப்பார். இரண்டையும் ஒரே எண்ணாகக் கருதி ஒப்பிட்டால் நேர்மையானவரே விலை கூடியவராகத் தோன்றுவார். ‘பூச்சு நீங்கிய உருக்கின் தடிப்பு எவ்வளவு?’ என்று எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டால் இம்மயக்கம் தீரும்.

சட்டத்தின் உருக்கும் அவ்வாறே. ஒரு சதுர மில்லிமீற்றருக்கு 345 நியூற்றன் தாங்கும் உருக்கைக் கொண்டு கணித்துவிட்டு, 250 தாங்கும் உருக்காற் செய்தால், வலிமையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் குறையும். வர்ணம் பூசியபின் இரண்டையும் கண்ணாற் பிரித்தறிய இயலாது. அதனை அறிய உதவுவது உருக்காலையின் சான்றிதழ். அதிலுள்ள இலக்கமும் தகட்டில் அடித்துள்ள இலக்கமும் ஒத்திருக்க வேண்டும். வர்ணம் பூசுமுன் தொழிற்சாலைக்கு ஒருவரை அனுப்பிப் பார்க்கக் கம்பனி இடந்தருமா என்று முன்கூட்டியே கேட்பது நல்லது. இடந்தர மறுப்பவரிடம் வாங்காது விடுவதே மேல். சட்டங்களை இணைக்கும் போல்ட்டு ஆணிகளை மட்டும் எவரும் தாமே சோதிக்கலாம். வன்மை மிக்க ஆணியின் தலையில் 8.8 போன்ற எண் பொறிக்கப்பட்டிருக்கும்.

இவ்வளவையும் மனத்திற் கொண்டு, முன்சொன்ன கூட்டுறவுச் சங்கத்துக்குத் திரும்புவோம். மூன்று கம்பனிகள் விலை கூறியுள்ளன. முதலாவதின் விலையை 100 எனக் கொண்டால், இரண்டாவது 115, மூன்றாவது 130. செயற்குழுவிற் பெரும்பாலோர் முதலாவதையே விரும்புவர். பொதுப்பணம் ஆதலின் குறைந்த விலையே குற்றமற்றது என்று கருதுவர். ஆனால் விலைமனுக்களை விரித்துப் பார்க்கும்போது, முதலாவதில் அத்திவார ஆணிகள் இல்லை, பீலி இல்லை, பாரந்தூக்கி வாடகையும் லொறிக் கூலியும் இல்லை, காற்று வலயம் பற்றிய பேச்சே இல்லை. இரண்டாவதில் இவையனைத்தும் உண்டு. முதலாம் வலயம் என்று தெளிவாகக் குறிக்கப்பட்டுள்ளது. மூன்றாவதில் இவற்றோடு அத்திவாரமும் அடங்கியுள்ளது. விட்டவற்றைக் கூட்டிப் பார்த்தால் நூறு நூற்றிருபதாகவும் ஆகலாம். அப்பொழுதும் அது வேறு காற்றுக்குக் கட்டிய கட்டடமே. விலைகளை ஒப்பிடுமுன் பொருள்கள் ஒன்றா என ஒப்பிடுக என்பதே இதன் கருத்து.

இம்மயக்கம் நேராதிருக்க, கேள்விப்பத்திரம் கோருமுன்பே சங்கம் தன் தேவையை ஒரு தாளில் எழுதி, எல்லாக் கம்பனிகளுக்கும் அதனையே கொடுத்தல் வேண்டும். நீள அகலம், காற்று வலயம், மாரிக்கால நீர்மட்டம், பூச்சின் அளவு, எது உள்ளடக்கம் எது புறம்பு என்பன அதில் இடம்பெற வேண்டும். கட்டடத்துள் வைக்கப்போவது யாதென்பதும் முக்கியம். நெல்லை நூற்றுக்கு 14 பங்கு ஈரத்துக்கு மேற்படாமற் காயவைத்தே களஞ்சியத்திற் சேர்க்க வேண்டும். ஆனால் தகரக் கூரை பகலிற் கொதித்து, இரவிற் குளிரும்போது அதன் உட்புறத்தில் நீர் துளிர்த்துச் சாக்குகளின்மேற் சொட்டும். காய்ந்த நெல் பூஞ்சணம் பிடிக்க அதுவே போதும். கூரையின் கீழ் வெப்பத்தடுப்பும், முகட்டில் காற்றுப்போக்கியும் வேண்டுமென்று எழுதாவிட்டால் எவரும் தாமாகத் தர மாட்டார். வெள்ளம் புகாத உயரத்துக்குத் தளம் உயர்த்தப்பட வேண்டும் என்பதும் அவ்வாறே.

இனி, கம்பனியின் தகைமை. 2014 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபை கொந்தராத்துக்காரரைப் பதிவு செய்து தரப்படுத்துகிறது. பதிவு உண்டா, அது நடைமுறையில் உள்ளதா, இவ்வளவு பெரிய வேலைக்கு அத்தரம் போதுமா என்று பார்க்க வேண்டும். கணக்கிற் கையொப்பமிடுபவர் பட்டயப் பொறியியலாளராக இருத்தல் வேண்டும். பிரதேச சபையின் அனுமதிக்கு வேண்டிய வரைபடங்களைத் தருவது யார் என்பதும் முன்னரே தீர்க்கப்பட வேண்டும்.

பதிவினும் மேலான சாட்சி பழைய வேலை. கம்பனி காட்ட விரும்புவது சென்ற மாதம் திறந்த கட்டடத்தை. பார்க்க வேண்டியதோ ஐந்து, பத்து ஆண்டு கழிந்த கட்டடத்தை, அதுவும் கிழக்குக் கரையோரத்தில் உள்ளதை. திருகாணித் தலைகள் துருவேறினவா, தகடுகளின் வெட்டு விளிம்பு அரித்ததா, மாரியில் ஒழுகுகிறதா என்பவற்றைக் கண்ணாற் காணலாம். அதன் உரிமையாளரிடம், ‘குறை கூறியபோது கம்பனி வந்ததா?’ என்று கேட்க வேண்டும். இந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதில் பல விளம்பரப் பத்திரங்களுக்கு மேலானது.

பணம் கொடுக்கும் முறையும் எழுத்தில் அமைய வேண்டும். முற்பணத்தை வங்கி உத்தரவாதத்தின் பேரிலேயே கொடுத்தல், அடுத்த தொகையைப் பொருள்கள் நிலத்துக்கு வந்து சரிபார்க்கப்பட்ட பின் கொடுத்தல், ஒரு பகுதியைக் குறைகள் திருத்தும் காலம் முடியுமட்டும் நிறுத்திவைத்தல் என்பன நல்ல வழக்கங்கள். உருக்கு இறக்குமதிப் பொருள் என்பதையும் மறத்தலாகாது. 2022 இல் சில மாதங்களுக்குள் டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறியபோது, விலை மாற்றம் பற்றி எதுவும் எழுதாத உடன்படிக்கைகள் இருதரப்பாருக்கும் தொல்லையாயின. விலை எத்தனை நாளுக்குச் செல்லும், மாறினால் எவ்வாறு கணிக்கப்படும் என்பது தெளிவாக இருத்தல் வேண்டும்.

கட்டடம் முடிந்ததும் வரைபடங்களையும் கணக்கையும் உருக்காலைச் சான்றிதழ்களையும் கேட்டுப் பெற்று, சங்கத்தின் பெட்டகத்தில் வைக்க வேண்டும். கம்பனி மூடப்படலாம், நிருவாகம் மாறலாம், கட்டடமோ அடுத்த தலைமுறைக்கும் நிற்க வேண்டியது. பின்னாளில் ஒருவர் புதிய வாசல் வைப்பதற்காகச் சுவரிடையேயுள்ள குறுக்குக் கம்பியை அறுக்க முனையலாம். அக்கம்பியே காற்றைத் தாங்குவது என்பதை அவருக்குச் சொல்ல அவ்வரைபடம் ஒன்றே இருக்கும்.

முன்பு ஓடாவியார் தெருவில் நின்று பதில் சொன்னார். இன்று அவரிடத்தில் நிற்பது எழுதிப் பெற்ற தாளே. கேட்காத கேள்விக்குத் தாளிற் பதில் இராது. 1964 இலும் 1978 இலும் 2000 இலும் சூறாவளி கிழக்கிலங்கையைத் தேடி வந்தது, இனியும் வரும். அந்த இரவில், களஞ்சியத்துள் இருக்கும் நெல்லும் மண்டபத்துள் ஒதுங்கியிருக்கும் மக்களும் காக்கப்படுவது, விலைமனுக்களை விரித்து வைத்து ஊரவர் சிலர் பொறுமையோடு கேள்வி கேட்ட நாளிலேயே முடிவாகிவிடுகிறது.